ஜன்னலைக் கீழே இறக்கு

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு நெட் சென்டர். பத்துக்குப் பத்து அறை. முன்புறம் ஷட்டர், மற்ற மூன்று பக்கமும் சுவர். ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. வில்லங்கச் சான்று எடுக்கப் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் கணினித் திரையில் அந்த நேரத்தில் ஏழு ஜன்னல்கள் திறந்திருந்தன. பதிவுத்துறைத் தளம் ஒன்று, பட்டா பார்க்கும் தளம் ஒன்று, ஸ்கேன் செய்த பத்திரம் ஒன்று. அரசுத் தேர்வு எழுதப் போகிற ஒரு பையனின் கையெழுத்தை 20 கேபிக்குள் சுருக்குவதற்காகத் திறந்த போட்டோஷாப், அவனுடைய விண்ணப்பப் படிவம், கணினிக்குள் கொண்டுவந்திருந்த வாட்ஸ்அப், யாருடையதோ ஒரு ஆதார் நகல்.

"சார், பட்டாவைக் கொஞ்சம் கீழ எறக்கிட்டு வில்லங்கத்தை மேல எடுக்கறேன். சர்வே நம்பர் ரெண்டுலயும் ஒண்ணா இருக்குதான்னு பாத்துக்குங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இறக்கியதும் மேலே எடுத்ததும் எதை? அதற்குப் பெயர் வாக்கியத்திலேயே இல்லை. ஜன்னல் இல்லை, சாளரம் இல்லை, விண்டோகூட இல்லை. பட்டா இறங்குகிறது, வில்லங்கம் ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் இறக்கு, எடு, ஒதுக்கு, பக்கத்தில் வை என்று வினைச்சொற்கள் மட்டும் துல்லியமாக வந்து விழுந்தன.

கடையிலேயே கேட்டும் பார்த்தேன். "இந்தப் பொட்டிக்கு என்னம்மா பேரு?"

"விண்டோ சார்."

"ஜன்னல்னு சொல்ல மாட்டீங்களா?"

"ஜன்னல்னா வூட்டு ஜன்னல் சார்" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

அவள் பிரித்த பிரிப்பு சரியானது. அந்தப் பிரிப்புக்குப் பின்னால் நானூறு ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

வீட்டு ஜன்னலில் தொடங்குவோம். ஜன்னல் போர்ச்சுகீசியச் சொல். அவர்கள் மொழியில் ஜனேலா. நம் வாயில் கடைசி உயிர் உதிர்ந்து, நடுவில் ன் இரட்டித்து, ஜன்னல் என்றும் சன்னல் என்றும் ஆயிற்று. கப்பலில் வந்தவர்கள் அறையின் தட்டுமுட்டுப் பெயர்களையும் கூடவே இறக்கிவிட்டுப் போனார்கள்: மேசை, அலமாரி, சாவி, பீப்பாய், வராந்தா. ஜனேலாவின் வேர் லத்தீன். அங்கே யானுவா என்றால் கதவு, அதன் சிறு வடிவம் யானுவெல்லா, குட்டிக் கதவு. வாசல்களுக்கு உரிய ரோமானியத் தெய்வம் யானுஸ். ஜனவரி மாதத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. ஆக, நம் வீட்டு ஜன்னலும் நாள்காட்டியின் முதல் ஏடும் ஒரே வாசற்படியிலிருந்து வந்தவை.

இந்தச் சொல் எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போர்ச்சுகீசியம் கரையோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கும் செஞ்சியே சாட்சி. 1597இல் நிக்கோலவ் பிமெந்தா என்ற இயேசு சபைத் துறவி செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரின் தலைநகரைப் பார்த்துவிட்டு, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதினார். அவர் தங்கிய இடத்திலும் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு இருந்திருக்கும். அதை அவர் ஜனேலா என்றுதான் சொல்லியிருப்பார்.

அதே சொல் எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் கடல்வழியின் வரைபடமே கிடைத்துவிடும். மலையாளத்தில் ஜனல், வங்காளத்தில் ஜானாலா, சிங்களத்தில் ஜனேலய, மலாயிலும் இந்தோனேசியாவிலும் ஜெண்டேலா. கன்னடமும் தெலுங்கும் கிடிகி, கிடிகீ என்று வேறு வழியில் போய்விட்டன.

போர்ச்சுகீசியர் வருவதற்கு முன் நம் வீடுகளுக்கு ஜன்னல் இல்லையா என்று கேட்டால், பெயர்கள் ஏராளம். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் இளங்கோ புகார் நகரத்தை வருணிக்கும்போது, கூரை வேயாத மாடங்களைச் சொல்லி, அடுத்து மானின் கண்ணைப் போன்ற காலதர்கள் கொண்ட மாளிகைகளைச் சொல்கிறார். காற்றும் கண்ணும் ஒரே தொடரில் வந்துவிட்டன. இப்போது ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். விண்டோ என்பது பழைய நார்ஸ் மொழியின் விண்டௌகா. விண்ட் என்றால் காற்று, ஔகா என்றால் கண், காற்றின் கண். பூம்புகாருக்கும் வடகடல் நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. சுவரில் ஓட்டை போட்ட மனிதன் இங்கேயும் அங்கேயும் உணர்ந்தது ஒன்றுதான்: உள்ளே காற்று வருகிறது, வெளியே கண் போகிறது. வடமொழியும் இதே இரண்டைப் பிடித்திருக்கிறது. வாதாயனம் என்றால் காற்றின் வழி, கவாட்சம் என்றால் காளையின் கண்.

சாளரமும் சிலம்பிலேயே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மாடத்தின் நடுத்தளத்தில் இருக்கும்போது தென்றல் நுழைந்து வருவது சாளரத்தின் சிறு கண்கள் வழியாகத்தான். சாளரத்தை வலை என்று பொருள்படும் ஜாலம் என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். சாலகம், சாலேகம் என்ற வடிவங்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் சாளரம் ஒற்றைத் திறப்பு அல்ல, பல சிறு கண்கள் கொண்ட பின்னல். பலகணி என்ற சொல்லுக்கும் பல கண் உடையது என்றே விளக்கம் சொல்கிறார்கள்.

இந்தப் பல கண்களை ஏட்டில் மட்டும்தான் பார்க்க முடியும் என்றில்லை. செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேசுவரம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்துக் குடைவரை. வாசல் தூண்களுக்கு மேலே, முன்னோக்கி வளைந்து இறங்கும் கூரை விளிம்பைச் சிற்பிகள் கபோதம் என்பார்கள். அதில் வரிசையாகக் குதிரை லாட வடிவில் சிறு வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. மூங்கிலாலும் மரத்தாலும் கட்டிய பழைய மாளிகைகளின் ஜன்னலைக் கல்லில் நினைவுபடுத்தும் வடிவம் இது. வடநூல்கள் கவாட்சம் என்கின்றன; நம் சிற்பிகள் கூடு என்று சொல்லிவிட்டார்கள். கபோதம் என்றால் புறா என்றும் ஒரு பொருள். புறாவுக்குக் கூடு பொருந்தத்தான் செய்கிறது. 2020இல் பள்ளிகளை மூடியிருந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளை காணொலி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் திரையை எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். தளவானூர்க் கபோதம்தான் உடனே நினைவுக்கு வந்தது.

இத்தனை சொற்களில் கணினிக்காரர்கள் எதை எடுத்தார்கள்? சாளரத்தை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸின் கேடிஇ பணிச்சூழலைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் முதல் இன்றைய குரோம், பயர்பாக்ஸ் வரை புதிய சாளரம் என்பதே வழக்கு. அண்டை மொழிகளிலும் இதே போக்குத்தான். மலையாளத்தில் வீட்டுக்கு ஜனல், திரைக்கு ஜாலகம். சிங்களத்தில் வீட்டுக்கு ஜனேலய, திரைக்குக் கவுளுவ. கடல் கடந்து வந்த சொல் சுவரில் மாட்டிக்கொண்டதால், திரைக்கு ஏட்டிலிருந்து ஒரு பழஞ்சொல்லை இறக்க வேண்டியதாயிற்று. "வூட்டு ஜன்னல் சார்" என்று அந்தப் பெண் பிரித்தாளே, அதை மூன்று மொழிகள் தனித்தனியாகச் செய்திருக்கின்றன.

இதில் தமிழுக்குக் கிடைத்த ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் தன் மென்பொருளுக்கு முதலில் நினைத்திருந்த பெயர் இன்டர்பேஸ் மேனேஜர். விளம்பரப் பிரிவின் தலைவராக வந்த ரோலண்ட் ஹான்சன்தான் விண்டோஸ் என்ற பெயரை வலியுறுத்தி மாற்ற வைத்தார். 1983 நவம்பரில் அறிவித்தார்கள், 1985 நவம்பர் 20இல் வெளியிட்டார்கள். தெருவில் கிடந்த பொதுச்சொல்லை ஒரு கம்பெனி பெயராக்கிக்கொண்டால் வழக்கு வராமலா போகும்? லிண்டோஸ் என்ற பெயரில் லினக்ஸ் விற்ற நிறுவனத்தின் மேல் 2001இல் மைக்ரோசாப்ட் வழக்குப் போட்டது. விண்டோ என்பது எல்லோரும் புழங்கும் பொதுப்பெயர் ஆயிற்றே என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தது. கடைசியில் 2004இல் மைக்ரோசாப்டே 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எதிர்த்தரப்பு பெயரை மாற்றிக்கொண்டது. தமிழில் இந்தத் தலைவலி இல்லை. விண்டோஸ் என்றால் கம்பெனிச் சரக்கு, சாளரம் என்றால் திரையில் திறக்கும் பொருள், ஜன்னல் என்றால் வீட்டுச் சுவரில் இருப்பது. மூன்றுக்கும் மூன்று சொல், ஒன்றோடொன்று மோதுவதே இல்லை.

பெயர்ச்சொல் இப்படிச் செழிப்பாக இருக்கிறது. வினைதான் என் கவலை. ஒரு சாளரம் திறந்தால் பெயர் போதும். ஏழு திறந்தால் அவற்றை எப்படி வைப்பது என்பதற்குச் சொல் வேண்டும்.

வைக்கும் முறை அடிப்படையில் இரண்டுதான். மேசைமேல் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வேண்டியதை உருவி மேலே வைப்பது ஒன்று. ஒன்றையொன்று மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் பரப்புவது மற்றது. மேலே மேலே வைப்பதை 1970களில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கேயின் குழு ஸ்மால்டாக் என்ற கணினி மொழியில் செய்து காட்டியது. திரை சிறியது, வேலை பெரியது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் சிறிய திரையிலும் நிறைய இடம் கிடைக்கும். 1985இல் வந்த முதல் விண்டோஸில் அது கிடையாது, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான். 1987இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கியது. ஏறியதும் ஆப்பிள் 1988இல் நீதிமன்றத்துக்குப் போனது. தன் திரையைப் பார்த்துக் காப்பியடித்ததாகக் கொடுத்த பட்டியலில் இப்படிச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் ஓர் இனம். வழக்கு பல ஆண்டு நடந்து ஆப்பிளுக்குத் தோல்வியில் முடிந்தது.

ஆங்கிலத்தில் பக்கத்தில் பரப்புவதற்கு டைல் என்று பெயர். இதை அகராதியைப் புரட்டி ஓடு என்று பெயர்த்தால் வேலை கெட்டது. அவர்கள் மனதில் இருப்பது குளியலறைத் தரையில் விளிம்போடு விளிம்பு ஒட்டும் சதுரம். நமக்கு ஓடு என்றால் கூரை. நாட்டு ஓடோ சீமை ஓடோ, ஒன்றின் தலையில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தால்தான் மழை வீட்டுக்குள் வராது. ஏறாத ஓடு ஒழுகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பக்கத்தில் பரப்பு என்ற கட்டளைக்கு மேலே மேலே ஏற்று என்று நேர் எதிர்ப் பொருள் வந்துவிடும்.

அப்படியானால் பக்கத்தில் பரப்புவதற்கு நம் சொல் எது? எனக்குத் தோன்றுவது பாவு. கல் பாவிய தளம் என்று இன்றும் சொல்கிறோம். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் சிறுவந்தாட்டுப் பட்டு நெசவாளர்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். தறியில் நீளவாட்டில் போகும் இழைகள் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு இழைகளில் ஒன்று அடுத்ததன் மேல் ஏறிவிட்டால் தறியை நிறுத்திப் பிரிக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில், மேலே ஏறாமல், இடம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு நிற்பதுதான் பாவு. டைல் என்ற கட்டளைக்கு இதைவிடச் சரியான சொல்லை நான் இதுவரை பார்க்கவில்லை.

திண்டிவனத்துப் பெண் பிறகு செய்ததும் அதுதான். விண்டோஸ் பொத்தானோடு இடது அம்பை ஒரு தட்டு. பட்டா திரையின் இடப் பாதியில் போய் ஒட்டிக்கொண்டது. பத்திரத்தை எடுத்து வலது அம்பு. அது வலப் பாதியில். 2009இல் விண்டோஸ் 7 கொண்டுவந்த வித்தை இது. இடது பக்கம் சர்வே எண், வலது பக்கம் சர்வே எண். விரலைத் திரையின் மேல் வைத்து இரண்டையும் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். உட்பிரிவு எழுத்து ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் விட்டுப்போயிருந்தது. மேலே மேலே வைத்துப் புரட்டியிருந்தால் என் கண்ணில் அது பட்டிருக்காது.

அவளுடைய மற்ற சொற்களையும் குறித்துக்கொண்டேன். சுருக்கிவைப்பது, கீழே இறக்குவது. திரும்பக் கொண்டுவருவது, மேலே எடுப்பது. ஆல்ட்டும் டேப்பும் அழுத்தி மாறுவது, தாண்டுவது. எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மறைப்பது, "மொத்தமா எறக்கறது". வீட்டு ஜன்னலைச் சாத்துவோம். திரையில் இருப்பதை யாரும் சாத்துவதில்லை, மூடுகிறார்கள். கலைச்சொல் பட்டியல்களில் சிறிதாக்கு, பெரிதாக்கு என்று இருக்கும். பெரிதாக்கு சரி. ஆனால் கீழே போன சாளரம் சிறியதாகவா ஆகிறது? அதே அளவில்தான் இருக்கிறது, கண்ணை விட்டு மறைந்து பட்டையில் போய் உட்கார்கிறது. இறக்கு என்பதில் நடப்பது நடந்தபடி இருக்கிறது. பதிவிறக்கு என்று இன்னோர் இறக்கு இருக்கிறதே, குழப்பம் வராதா என்றால், கடைக்காரர்கள் அதை டவுன்லோடு என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

டேப் என்பதற்கு நம்மிடம் இரண்டு பெயர்கள் ஓடுகின்றன. ஒன்று தாவல், மற்றது பயர்பாக்ஸ் சொல்லும் கீற்று. தாவல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் செயலைப் பார்த்து வைத்த பெயர். கீற்று, பொருளின் உருவத்தைப் பார்த்து வைத்தது. என் ஓட்டு கீற்றுக்கு. திரையின் மேல் விளிம்பில் மெலிந்து நீண்டு ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடப்பவற்றைப் பார்த்தால் வேறு சொல் வராது. கீற்று வந்துவிட்டால் அதன் வினையும் கூடவே வரவேண்டும். ஆங்கிலத்தில் கேஸ்கேட் என்றொரு கட்டளை இருந்தது. திறந்திருக்கும் சாளரங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் ஒவ்வொன்றின் தலைப்பட்டையும் தெரியும்படி, சரிவாக அடுக்கிவிடும். விண்டோஸ் 10 வரை பணிப்பட்டையில் வலது சொடுக்கினால் கிடைத்தது, 11இல் எடுத்துவிட்டார்கள். அருவி என்று அதைப் பெயர்த்தால் தண்ணீர்தான் தெரியும், அடுக்கு தெரியாது. எனக்குக் கிடைத்த சொல் வேய், கூரையில் கீற்றின்மேல் கீற்றாக வைப்பதற்கான வினை. பாவுவது ஒரு முறை, வேய்வது ஒரு முறை. புகார் வருணனையில் வேயாத மாடமும் காலதரும் அடுத்தடுத்து வந்ததை நினைத்து உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி வேறு.

திண்டிவனத்தின் பழம்பெயரைத் திந்திரிணிவனம் என்பார்கள். திந்திரிணி என்றால் புளி. ஊர்ச் சிவன் திந்திரிணீசுவரர். புளியங்காடாக இருந்த ஊர் வாய்க்கு வாய் தேய்ந்து திண்டிவனம் ஆனது. இப்படிச் சொற்கள் தேய்வதை நான் மதிப்பவன். ஆகவே என் வேயைப் புழங்குகிற வாயில் கொடுத்துப் பார்க்க விரும்பினேன். திருத்திய நகல் வாங்கப் போன அன்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"கீத்தா? கூரை மேயறாங்களே, அந்தக் கீத்தா சார்?" என்று கேட்டாள். புத்தகத்தில் வேய்; இந்தப் பக்கத்துப் பேச்சில் மேய். கூரை மேஞ்ச வீடு என்பார்கள்.

"அதேதாம்மா. கீத்து மேல கீத்து வெச்சு மேயற மாதிரி, விண்டோ மேல விண்டோ."

அவள் சாளரங்களை நகர்த்தி நகர்த்தி அந்தச் சரிவைக் கையாலேயே உண்டாக்கினாள். மேல் இடது மூலையில் ஒன்று, அதற்குச் சற்றுக் கீழே அதன்மேல் இன்னொன்று, அதற்கும் கீழே அடுத்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கூரை இப்படி மேய மாட்டாங்க சார். தாழ்வாரத்துலேர்ந்துதான் புடிப்பாங்க. கீழ ஒரு வரிசை போட்டுட்டு, அதுமேல அடுத்தது ஏறும். அப்பதான் தண்ணி வழியும். இங்க மேலேர்ந்து கீழ எறங்குது. இப்படி மேஞ்சா மழை முழுக்க உள்ளதான் வரும்."

அவள் சொன்னது சரி. கூரையில் ஒவ்வொரு கீற்றுக்கும் வெளியே தெரிவது கீழ் விளிம்பு. திரையில் ஒவ்வொரு சாளரத்துக்கும் வெளியே தெரிவது மேல் விளிம்பு. குறிப்பேட்டில் பாவு என்பதை அப்படியே விட்டேன். வேய் என்பதன் பக்கத்தில், தலைகீழ் என்று எழுதிக்கொண்டேன்.